அக்கா வாங்கிய டிராலர்

“தம்பி, நானும் மாமாவும் ஒரு டிராலர் வாங்கலாம்னு இருக்கோம்டா.”

அக்கா சியாட்டிலிலிருந்து இதைச் சொன்னபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்த டிராலர் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற காசிமேடு துறைமுகத்தில் நெருக்கியடித்துக் கட்டியிருக்கும் இழுவலை விசைப்படகு. ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போய், பத்துப் பதினைந்து நாள் கடலில் கிடந்து, கவிச்சி வாடையோடு திரும்பி வருவது. அறுபதைத் தொடப்போகிற மகள் அதில் ஏறி என்ன செய்வாள்? போனை வைத்ததும் அம்மா மெதுவாகக் கேட்டாள்: “அங்க அவருக்கு வேலை கீது போயிடுச்சாடா?”

வேலை போகவில்லை. இரண்டு பேரும் ஓய்வு பெறப்போகிறார்கள். பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். வருடத்தில் நாலைந்து மாதம் படகிலேயே குடியிருந்து தீவு தீவாகப் போய் வருவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மாமாவுக்கு இது பல வருட ஆசை. அக்காவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவளும் ராயபுரத்தில் பிறந்தவள்தான், கடலைப் பார்த்துப் பயம் கிடையாது. ஆனால் வலது முட்டியில் தேய்மானம். கப்பல் சமாச்சாரம் எல்லாம் மாமா பார்த்துக்கொள்வார் என்றுதான் இருந்தாள்.

நான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன். முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. அதனால் என்னிடம் கேட்டார்கள். கேட்டதிலிருந்து படகு வாங்கி முடிக்கிறவரை இரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் யோசித்ததை, பார்த்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பெயரைப் பற்றி. அமெரிக்காவில் இவர்கள் டிராலர் என்று சொல்வது மடி, அதாவது இழுவலை, இழுக்காத டிராலர். மீன்பிடிப் படகின் உடம்பை எடுத்துக்கொண்டு, மீன் கிடங்கு இருக்கிற இடத்தில் படுக்கையறையும் சமையலறையும் வைத்துக் கட்டியது. ஆழமான வயிறு, நிதானமான டீசல் இன்ஜின், நிறைய எண்ணெய் பிடிக்கும் டேங்க். வேகம் போகாது, தூரம் போகும். இந்த யோசனைக்கு நம் பக்கத்துக் கடலோடும் சம்பந்தம் உண்டு. ராபர்ட் பீப் என்கிற அமெரிக்கக் கடற்படை கேப்டன், பாய் இல்லாமல் இன்ஜினை மட்டும் நம்பிக் கடல் கடக்கிற 50 அடிப் படகு ஒன்றை வரைந்து, 1963இல் சிங்கப்பூரில் கட்டி இறக்கினார். பாஸேஜ்மேக்கர் என்று பெயர். அதன் முதல் நெடும்பயணமே இந்துமாக்கடலைத் தாண்டிக் கிரீஸ் வரைக்கும்தான். அதே காலத்தில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மெரீன் என்கிற பட்டறை 36 அடிப் படகு ஒன்றைக் கட்டியது. அந்த வரிசைதான் பிறகு கிராண்ட் பேங்க்ஸ் என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. 1973 வரை மரத்தில் கட்டினார்கள், அப்புறம் பைபருக்கு மாறினார்கள். காசிமேட்டிலும் மரப்படகு போய் பைபரும் இரும்பும் வந்ததைப் பார்த்தவனுக்கு இது அந்நியக் கதையாகத் தெரியவில்லை.

மாமா அனுப்பிய படங்களில் எல்லாம் சோபா இருந்தது. மார்பிள் மாதிரி சமையல் மேடை, பெரிய டிவி, ஒயின் பாட்டில் வைக்க மர அடுக்கு. “எது சௌகரியமா இருக்கும்னு பாத்துச் சொல்லுடா” என்றார். சௌகரியம் சோபாவில் இல்லை என்பது என் கட்சி. இரண்டு பேர் மட்டும் போகிற படகை, அந்த இரண்டு பேரில் உடம்பு இளைத்தவர் யாரோ அவருக்காக வாங்க வேண்டும். அதுவும் கடல் அமைதியாக இருக்கிற நாளை நினைத்து வாங்கக் கூடாது. மற்றவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டால், இவர் தனியாகப் படகைக் கரைக்குக் கொண்டுவந்து கட்ட முடிய வேண்டும். அது முடியாவிட்டால் எத்தனை மெத்தை போட்டாலும் அது ஒருவர் ஓட்ட இன்னொருவர் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிற படகு.

அந்த வருடம் மே மாதம் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் சென்னை வந்தார்கள். நல்ல நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், சிலது மேலே ஏற்றி அடிப்பகுதி சுரண்டி வண்ணம் அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு வருடத்திலேயே அதிக வேலை இருக்கிற மாதம் அது. இருந்தாலும் மூன்று நாள் காலையில் இருவரையும் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். கையில் ஒரு டேப், ஒரு நோட்டு.

முதல் நாள் அக்காவை ஏறி இறங்க வைத்தது மட்டும்தான் வேலை. தெரிந்த ஓனர்களின் படகுகள், ஐந்தாறு இருக்கும். கரையிலிருந்து டெக்குக்கு ஏறுவது, டெக்கிலிருந்து படகை ஓட்டுகிற வீல் ஹவுஸுக்கு ஏறுவது, இன்ஜின் ரூமுக்கு இறங்குவது. ஒவ்வொரு படியையும் டேப் வைத்து அளந்தேன். எட்டு அங்குலம் வரை அக்கா எதையும் பிடிக்காமல் ஏறினாள். பத்து அங்குலத்தில் கை தானாகப் பக்கத்துக் கம்பியைத் தேடியது. பதினான்கில் “முருகா” என்றாள். நேர் ஏணியில் ஏறினாள், இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். கீழே நின்று தாங்கிக்கொள்ள நான் இருந்தேன். நடுக்கடலில் யார் இருப்பார்கள்?

அன்று எழுதிய அளவுகள்தான் பிறகு எல்லாவற்றையும் முடிவு செய்தன. இந்த வகைப் படகுகளில் அறைகளை அமைக்கிற விதம் பல உண்டு. முக்கியமாக இரண்டு. முன்னால் ஒரு படுக்கையறை, நடுவில் கூடம், பின்னால் பெரிய படுக்கையறை என்று மூன்று அறையாகக் கட்டுவது ஒன்று. பின்னறை விசாலமாக, தனிக் குளியலறையோடு இருக்கும். மாமாவுக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் கூடத்திலிருந்து பின்னறைக்கு நாலு படி இறங்க வேண்டும். பின்பக்கம் கயிறு கட்டப் போக வேண்டுமென்றால் கூடத்திலிருந்து வெளியே வந்து, பின்னறையின் கூரை மேல் ஏறி, அங்கிருந்து இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை. இன்னொரு வகை, கூடத்தின் பின்கதவைத் திறந்தால் ஒரே மட்டத்தில் பின்தளம். செடான் என்பார்கள். மேல்கூரையைப் பின்தளத்துக்கும் பக்கவாட்டு நடைபாதைக்கும் நீட்டிவிட்டால் யூரோப்பா என்று பெயர். மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடித்த மாதிரி. படுக்கையறை முன்பக்கம் மட்டும், அதற்கு மூன்று படி. விருந்தாளி வந்தால் கூடத்தில் படுக்க வேண்டியதுதான்.

“வருஷத்துக்கு எத்தன நாள் மாமா விருந்தாளி வருவாங்க?” என்று கேட்டேன். மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பத்து நாள்கூடத் தேறவில்லை. அந்தப் பத்து நாளுக்காக மீதி நாளெல்லாம் அக்கா படி ஏற வேண்டுமா? செடான் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம்.

கட்டில் விஷயமும் அப்படித்தான். முன்பக்கப் படுக்கை பல படகில் படகின் மூக்கைப் போலவே கூர்ந்து, இரண்டு பேரின் காலும் ஒரே இடத்தில் இடிக்கிற மாதிரி இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிய கட்டில். உள்பக்கம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டிக்கொண்டு வர வேண்டும். இந்த வயதில் இரண்டு பேருமே இரவில் எழுகிறவர்கள். அதனால் இரு பக்கமும் கால் ஊன்றி இறங்குகிற மாதிரி நடுக்கட்டில். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தூக்கம் கெட்ட ஆள்தான் மறுநாள் கயிற்றில் கால் மாட்டி விழுவார். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

இரண்டாம் நாள் கடலுக்குப் போனோம். விசைப்படகு போக முடியாது. சின்ன பைபர் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் மச்சான் ஒருவனுடைய படகில் அலை தடுப்புக் கல்லைத் தாண்டி ஒரு மைல் போனோம். அங்கே இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். படகு மெதுவாகத் திரும்பி, வருகிற அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. பெரிய அலை ஒன்றும் இல்லை, சாதாரண மே மாத ஏற்ற இறக்கம்தான். ஐந்து நிமிடத்தில் மாமாவின் முகம் வெளுத்தது. அக்கா பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இதுதான் அக்கா சௌகரியம் போற இடம்” என்றேன். முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போடுவதை உடம்பு ஓரளவு தாங்கும். இந்தப் பக்கவாட்டு ஆட்டம்தான் ஆளைத் தீர்த்துவிடும். சமைக்க முடியாது, படுக்க முடியாது, ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கேதான் படகின் அடிப்பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடி உருண்டையாக, எடை அதிகமாக, ஆழமாக உட்கார்ந்து போகிற படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும், மேலே எழும்பாது. அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ அதற்கு வர்க்கமூலம் கண்டு 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை ‘நாட்’ கணக்கில் கிடைக்கும். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். நீர்மட்ட நீளம் 36 அடி என்றால் ஆறு பெருக்கல் 1.34, எட்டு நாட். அதற்கு மேல் போக நினைத்தால் தானே எழுப்பிய அலையின் மேலே தானே ஏறுகிற மாதிரி இன்ஜின் திணறும், டீசல் கொட்டும். ஏழு நாட் வேகத்தில் விட்டால் அப்படிப்பட்ட படகு மணிக்கு ஏழெட்டு லிட்டரில் போய்விடும். சியாட்டிலிலிருந்து சான் வான் தீவுகளுக்குச் சுமார் 60 கடல் மைல். காலையில் கிளம்பினால் சாயங்காலம் நங்கூரம். அவசரப்படாதவர்களுக்குப் போதும்.

டிராலர் என்று விற்கிற படகுகளில் பாதிக்கு மேல் முழு உருண்டை அடி கிடையாது. பின்பாதி தட்டையாக இருக்கும். கிராண்ட் பேங்க்ஸும் அந்த ரகம்தான். பெரிய இன்ஜின் போட்டால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். தட்டை அடி முதலில் அசையாது, நின்று பார்த்தால் உறுதியாக இருப்பது போல் தோன்றும். ஆனால் விலாவில் அலை வாங்கும்போது வெடுக்கென்று திரும்பும். கழுத்து வலிக்கும். உருண்டை அடி அப்படி இல்லை, அதிகமாகச் சாயும், ஆனால் ஊஞ்சல் மாதிரி மெதுவாகப் போய் மெதுவாக வரும். தைவானில் கட்டிய கேடி-குரோகன் 42 போன்றவை இந்த ரகம். நார்ட்ஹேவன் கம்பெனியின் 40 அடிப் படகு ஒன்று 2001, 2002இல் உலகத்தையே சுற்றி வந்தது. மாமா மனத்தில் அந்தப் படகுதான் இருந்தது.

நான் மறித்தேன். அவர்கள் போகப்போவது சியாட்டிலை ஒட்டி நிலத்துக்குள் நுழைந்திருக்கிற பியூஜெட் சவுண்ட் கடல், சான் வான் தீவுகள், மிஞ்சிப்போனால் அலாஸ்காவை நோக்கித் தீவுகளுக்கு உள்ளாகவே போகிற வழி. பெரும்பாலும் மறைவான தண்ணீர். ஹுவான் டி ஃபூக்கா நீரிணை போலத் திறந்த இடங்கள் உண்டு. அங்கே பிற்பகலில் மேற்குக் காற்று ஏறி, இறங்குகிற ஓதத்தோடு, அதாவது கடல் வற்றும்போது ஓடுகிற நீரோட்டத்தோடு, மோதினால் அலை குத்துக்குத்தாக எழும். விடியற்காலையில் கடந்துவிட்டால் சரி. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும் என்பதைக் காசிமேட்டுச் சின்னப் பையனும் சொல்வான். இந்த வேலைக்குக் கடல் கடக்கிற படகு தேவையில்லை. அந்தக் கனத்தையும் விலையையும் பராமரிப்பையும் வயதான இரண்டு பேர் எதற்காகச் சுமக்க வேண்டும்?

ஆட்டத்தைக் குறைக்கக் கருவிகள் உண்டு. படகின் விலாவில் மீனின் செட்டை போல ஹைட்ராலிக்கில் அசையும் துடுப்புகள் ஒன்று. படகு ஓடும்போது நன்றாக வேலை செய்யும். ஆனால் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் வெட்டுமரங்கள் பாதி முழுகி மிதந்து வரும், மோதினால் துடுப்பு போய்விடும். வேகமாகச் சுழலும் கைரோ இன்னொன்று. நின்றாலும் ஓடினாலும் ஆட்டத்தை அடக்கும், ஆனால் விலையும் மின்சாரமும் தின்னும். மூன்றாவது எனக்குப் பிடித்தது. இரு பக்கமும் கம்பம் நீட்டி, அதிலிருந்து இரும்பு மீன் போல ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு போவது. மீன்பிடிப் படகிலிருந்தே வந்த யோசனை, கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தக் கனத்தை இறக்கி ஏற்ற வேண்டுமே. அக்காவால் முடியாது. கடைசியில் நங்கூரத்தில் நிற்கும்போது மட்டும் தொங்கவிடுகிற, மடக்கக்கூடிய சின்னத் தட்டு ஒன்று போதும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் இன்ஜின். என் பிரதேசம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு இரண்டு இன்ஜின் வேண்டும். ஒன்று நின்றால் இன்னொன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் அவரிடம் கேட்டது, கடலில் இன்ஜின் ஏன் நிற்கிறது? கிராங்க் உடைந்து நின்றதை இந்த முப்பத்திரண்டு வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் கரையிலிருந்து போய்ப் பார்த்த படகுகளில் பெரும்பாலும் டேங்கில் அழுக்கு, டீசலில் தண்ணீர், அடைத்த பில்டர். அடுத்தது கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்து சூடேறுவது. அப்புறம் பெல்ட். அப்புறம் புரொப்பல்லரில் வலை. இரண்டு இன்ஜினும் ஒரே டேங்கின் அழுக்கைக் குடித்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். இரண்டு இன்ஜின் படகில் புரொப்பல்லர்கள் இரண்டும் பெரும்பாலும் பாதுகாப்பில்லாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மிதக்கிற மரம் நேராக அதில் போய் அடிக்கும். ஒற்றை இன்ஜின் படகில், அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடுகிற ஏராக்கட்டை முன்னால் போய் மரத்தைத் தள்ளிவிட, புரொப்பல்லர் அதற்குப் பின்னால் மறைந்து நிற்கும். அதோடு இரண்டு இன்ஜினுக்கு நடுவில் ஆள் நுழைய இடம் இருக்காது. நுழைய முடியாத இன்ஜினை யாரும் தினமும் பார்க்க மாட்டார்கள். பார்க்காத இன்ஜின் நிற்கும்.

அதனால் ஒரு இன்ஜின், இரண்டு பில்டர். ஒன்று அடைத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வைத் திருப்பி இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்கிற மாதிரி. கட்டுகிற இடத்தில் படகின் மூக்கைத் திருப்ப முன்பக்கம் ஒரு திரஸ்டர். இரண்டாவது இன்ஜினுக்குக் கொடுக்கிற காசில் இதெல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும்.

பழைய டிராலர்களில் அதிகமாக இருப்பது ஃபோர்ட் லேமன் 120. பெயரைக் கேட்டதும் எனக்குப் பாசம் வந்துவிட்டது. ஃபோர்டு கம்பெனியின் லாரி வகை டீசல் இன்ஜினை எடுத்து, கடல்நீரில் குளிரவைக்கிற அமைப்பைச் சேர்த்து, லேமன் கம்பெனி படகு இன்ஜினாக்கியது. ஆறு சிலிண்டர், 6.2 லிட்டர், 120 குதிரைத்திறன். எண்ணூர் அசோக் லேலண்ட் காசிமேட்டுப் படகில் ஓடுவது போலத்தான். லாரிக்குப் பிறந்தது கடலுக்கு வாழ்க்கைப்பட்டது. நிதானமாக ஓட்டினால் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். டீசல் செலுத்துகிற சிம்ஸ் பம்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு, இன்ஜின் எண்ணெயோடு சேராது. 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இரண்டு டம்ளர்கூடப் பிடிக்காது. அந்த இரண்டு டம்ளரை மறந்து பம்பையே தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இதை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா நோட்டை வாங்கி அவளே எழுதினாள். சமையல் குறிப்பு எழுதுகிற அதே கையெழுத்து. அன்றைக்குத்தான் இது மாமாவின் படகு மட்டும் அல்ல என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இடது காது பாதிதான் கேட்கும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் அப்படித்தான். வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம், என் மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு. அதனால் அக்காவிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன். எந்தப் படகைப் பார்த்தாலும் இன்ஜினை ஓடவிட்டு, ஏழு நாட் வேகத்தில், மாமா சுக்கானில் நிற்க, நீ சமையல் மேடையில் நின்று சாதாரணக் குரலில் “உப்பு போட்டாச்சா?” என்று கேள். அவர் “என்னா?” என்று திருப்பிக் கேட்டால் அந்தப் படகு வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பேசிக்கொள்ள முடியாமல் இரண்டு பேர் ஒரு கூண்டுக்குள் இருந்தால், பயணம் முடிவதற்குள் மனத்தாங்கல் வரும். இன்ஜின் ரூமின் கூரையிலும் கதவிலும் நல்ல ஒலித்தடுப்புப் பலகை இருக்கிறதா, இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் செத்துப்போயிருக்கிறதா என்பதைப் பொறுத்தது இது.

சமையலறைக்கு அக்காவே விதி வகுத்துக்கொண்டாள். மேலே கூடத்திலேயே இருக்க வேண்டும், கீழே இறங்கக் கூடாது. ப வடிவில், படகு ஆடினால் இடுப்பைச் சாய்த்துக்கொள்ளத் தோதாக. அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் நழுவாமல் தடுப்புக்கம்பி. நான் ஒன்றே ஒன்று சேர்த்தேன். கேஸ் சிலிண்டர் வெளியே, அடியில் துளை வைத்துக் கடலைப் பார்த்து வடிகிற பெட்டிக்குள் இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும்.

அவர்கள் திரும்பிப் போனபிறகு தேடல். இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே காலை. மாமா போனைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் நடப்பார், நான் ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு “கீழ காட்டுங்க, இன்னும் கீழ, அந்த மூலைக்கு டார்ச் அடிங்க” என்பேன். இருபது படகாவது பார்த்திருப்போம்.

அதில் ஒன்று எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. தேக்கு டெக், தேக்கு உள்வேலை, கண்ணைப் பறித்தது. விற்பவர் சார்பில் வந்த ஆள் எல்லாம் சுத்தம் என்றார். மாமா முன்பணமும் கொடுத்துவிட்டார். நான் கெஞ்சிக் கேட்டு, படகைச் சோதித்துச் சொல்கிற சர்வேயர் ஒருவரை வைக்கச் சொன்னேன். அவர் சின்னச் சுத்தியால் டெக்கைத் தட்டிக்கொண்டே போனார். போனில் எனக்கே கேட்டது. சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, நல்ல பானை கணீர் என்கும். இங்கே முதலில் கணீர் கணீர் என்று வந்தது, பக்கவாட்டு நடைபாதைக்கு வந்ததும் தொப் தொப் என்று விழுந்தது. தேக்குப் பலகையைப் பிடித்திருந்த நூற்றுக்கணக்கான திருகாணிகள் வழியாக வருடக்கணக்கில் மழைநீர் இறங்கி, இரண்டு பைபர் தகட்டுக்கு நடுவில் இருந்த மரம் ஊறி மக்கியிருந்தது. இன்ஜினின் இரு பக்கமும் இரும்பு டேங்க். மேல்பக்கம் துருப்பிடித்து, அடியில் டீசல் கசிவு. அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இன்ஜினைத் தூக்க வேண்டும். பழைய டிராலர்களுக்கு இந்த இரண்டும் தெரிந்த வியாதிகள்தான். முன்பணம் திரும்பி வர இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். மாமா மனம் ஒடிந்து, இனி படகே வேண்டாம் என்றார். ஒரு மாதம் பேச்சே இல்லை.

மறுபடி ஆரம்பித்தது அக்காதான். அவளே தேடி, அவளே போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். “டேய், படியெல்லாம் அளந்துட்டேன். எட்டரைக்கு மேல எதுவுமில்ல.”

39 அடி, நீர்மட்டத்தில் 36. பைபர் உடம்பு. முன்பு இருந்தவர் தேக்கு டெக்கைப் பிய்த்துவிட்டு வெறும் பைபர் போட்டிருந்தார். பார்க்க அழகு குறைவு, ஆனால் மழை இறங்காது. டேங்க்கும் மாற்றியிருந்தார். ஒற்றை லேமன் 120, மீட்டரில் நாலாயிரம் மணி நேரத்துக்கு மேல். மாமா அதற்குப் பயந்தார். எனக்குக் குறைவாக ஓடிய இன்ஜின் மேல்தான் பயம், வருடக்கணக்கில் சும்மா நின்றது உள்ளே துருப்பிடித்திருக்கும். எண்ணெயைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினோம், உலோகத்தூள் கவலைப்படுகிற அளவில் இல்லை. கடலில் முழு வேகத்தில் ஓட்டிச் சூடு ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்தோம், நின்றது. கரையேற்றி அடியைத் தட்டினார்கள், எல்லா இடத்திலும் கணீர். நங்கூரம் தூக்க மின்சார மோட்டார் இருந்தது. பக்கத்துக் கைப்பிடிச் சுவரில், படகைக் கட்டுகிற மிதவைப் பாலத்தின் உயரத்துக்கே ஒரு சின்னக் கதவு இருந்தது. அக்காவுக்கு எல்லாவற்றையும்விட அந்தக் கதவுதான் பிடித்தது. குதிக்க வேண்டாம், வாசலைத் தாண்டுகிற மாதிரி இறங்கலாம்.

உப்பும் போட்டுப் பார்த்தார்கள். மாமா முதல் தடவையே “போட்டாச்சு” என்றாராம்.

வாங்கிய பிறகு இருவருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். வாரத்தில் ஒரு நாள் மாமா இல்லாத நாள். அவர் படகில் இருப்பார், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அக்கா இன்ஜினைப் பார்த்து, ஸ்டார்ட் செய்து, கயிறு அவிழ்த்து, வெளியே கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்து கட்ட வேண்டும். ரேடியோவில் 16ஆம் சேனலில் உதவி கேட்பது எப்படி என்று ஒப்பிக்க வேண்டும். முதல் வாரம் மிதவைப் பாலத்தில் இடித்தாள். இரண்டாவது வாரம் அழுதாள், மாமாவும் கூடவே. ஐந்தாவது வாரம் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை, நானே கூப்பிட்டுக் கேட்டபோது “ஆங், அது போய்ட்டு வந்தோம்” என்றாள், கடைக்குப் போய் வந்த மாதிரி.

சியாட்டிலில் ஏரியிலிருந்து கடலுக்கு இறங்க பேலார்ட் நீர்ப்பூட்டைத் தாண்ட வேண்டும். 1917இலிருந்து இருக்கிறது. தொட்டி மாதிரியான இடத்துக்குள் படகை விட்டு, கதவை மூடி, தண்ணீரை வடித்துக் கடல் மட்டத்துக்கு இறக்குவார்கள். அந்த நேரம் முழுக்கக் கயிற்றை அளந்து அளந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் வேறு படகுகள். போன ஜூனில் முதல் முறை அதைக் கடந்தபோது சுக்கானில் நின்றது அக்கா, கயிறு பிடித்தது மாமா. அவருக்குத்தான் கை பலம், அவர் கயிற்றில் இருப்பதுதானே சரி.

இப்போது சான் வான் தீவுகளில் எங்கோ நங்கூரம் போட்டிருக்கிறார்கள். நேற்று அம்மாவுக்கு வீடியோவில் படகைச் சுற்றிக் காட்டினாள். அங்கே ஓதம் ஏறி இறங்குவது சில நாளில் மூன்று மீட்டரைத் தொடும், நம் கரையில் ஒரு மீட்டர் வந்தாலே அதிகம். காலையில் பார்த்த பாறைகளைக் காணோம் என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். அப்புறம் எங்கே மீன் வாங்குகிறாய், என்ன மீன், கருவாடு காய வைக்க இடம் இருக்கிறதா என்று போயிற்று பேச்சு.

நான் குறுக்கே புகுந்து மணி மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டேன்.

“சிம்ஸ் பம்புதானே? செவ்வாக்கிழமையே மாத்திட்டேன்” என்றாள் அக்கா. “மாமாவத்தான் டார்ச்சு புடிக்கச் சொன்னேன்.”